தாடையில் ஒரு விரல்

இயேசு மரி சூசை

அஸ்தினாபுரம்,
3.8.2025

சாவித்ரிக்கு,

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதி, அப்புறம் அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன். கை பழக்கதோஷத்தில் எழுதியது அது. மனசு எழுதவில்லை.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். உன் பேரனின் காதுகுத்துப் பத்திரிகை ஜெயக்கொடிக்கு வந்திருக்கிறது. நம் மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங்கில் இருந்த அதே ஜெயக்கொடிதான். இப்போது என் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். அவளுக்குப் பத்திரிகை உண்டு, எனக்கு இல்லை. இருக்கட்டும். விலாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

போன் நம்பரும் அதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பதினெட்டு வருஷம் நூல் நூற்கிற ரிங் பிரேம் இரைச்சலில் நின்ற காது இது. காலிங்பெல் கேட்பதில்லை, குக்கர் விசில் கேட்பதில்லை. ஜான்சி வாங்கிக் கொடுத்த காது மிஷினை மாட்டினால் மிஷின்தான் விசில் அடிக்கிறது. உன் காதும் அதே லட்சணத்தில்தான் இருக்கும். இரண்டு செவிடுகள் போனில் சண்டை போட்டால் ஊர் சிரிக்கும். அதனால் கடிதம்.

நம் கமலாம்பாள் மில்லை இடிக்கப்போகிறார்கள். முடிச்சூர் ரோட்டில் இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தது. இப்போது யாரோ வாங்கிவிட்டார்கள். பதினாறு மாடி, நீச்சல்குளம் என்று கேட்டிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை முடிந்ததும் ஜேசிபி வருமாம்.

என் மகள் ஜான்சியை நீ ஆறு வயசில் பார்த்தது. இப்போது கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் சிநேகிதி அனுப்பிரியாவோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு பாழடைந்த கட்டடமாகப் பார்த்துப் போவாள். மற்ற பெண்கள் மாலுக்குப் போகிறார்கள், என் பெண் மண்ணுக்குப் போகிறாள். “அம்மா, உன் மில்லத்தான் அடுத்து எடுக்கப்போறோம், நீயும் வரியா?” என்று கேட்டாள். உடனே வருகிறேன் என்றேன். எனக்கு மில் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

பாசமும் இல்லை, பாயசமும் இல்லை. எனக்கு அங்கே இருந்து ஒரே ஒரு படம் வேண்டும்.

எந்தப் படம் என்று உனக்குத் தெரியும். மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். 2002 ஆயுத பூஜை. அந்த வருஷம் சிறந்த சைடர் கேடயம் நம் ஒன்பதாம் நம்பர் பிரேமுக்குக் கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு நீ சைடர், மறுபக்கத்துக்கு நான், அறுந்த நூலையெல்லாம் ஓடி ஓடி ஒட்டி வாங்கியது. கேடயத்தோடு குரூப் போட்டோ எடுக்க ஆள் வந்தான். நான் சந்தனக் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் முன்வரிசையில் மேனேஜர் பக்கத்தில் நீ உட்கார்ந்துவிட்டாய். கேடயம் உன் மடியில். குழாயடி வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். நான் ஒருத்தி இல்லை என்பது உனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் கேட்டால், “கூப்பிட்டேன், நீதான் பார்க்கவில்லை” என்றாய். மிஷினெல்லாம் நிறுத்தியிருந்த நாள், சாவித்ரி. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஷெட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும். “அம்மணி” என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதாதா? நீ வாயைத் திறக்கவே இல்லை.

ஒரே மாதத்தில் கதவடைப்பு வந்தது. மாட்டிய படத்தை நான் பார்க்கவே இல்லை. மேனேஜர் ரூமில்தான் இருக்கும். கண்டுபிடித்து உனக்கே தபாலில் அனுப்புகிறேன். உன் பொய்யை நீயே சுவரில் மாட்டிக்கொள்.

இப்படிக்கு,
பாதிக் கேடயத்துக்குச் சொந்தக்காரி,
அம்மணி


உ

திருவெறும்பூர்,
11.8.2025

அன்புள்ள அம்மணிக்கு,

நான் ‘அன்புள்ள’வை அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது கவரின் மேல் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். ‘த’வுக்கு இன்னும் வால் நீட்டுகிறாய். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை திட்டு. இருபத்து மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாய் போல. ஆனாலும் மூன்று தடவை படித்தேன்.

என் காதைப் பற்றி எழுதியிருந்தாயே, நீ சொன்ன அதே லட்சணம்தான். வீட்டில் எல்லோரும் என்னிடம் கத்துகிறார்கள். நான் பழையபடி கையால் பேசுகிறேன். மருமகள் தேவதர்ஷினி நல்ல பெண்தான், ஆனால் “கொசு விரட்டறீங்களா அத்தை?” என்று கேட்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும்? ஷெட்டுக்குள் வாய்க்கு வேலையே கிடையாது என்று சொன்னால் சிரிக்கிறாள். மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டை விரலை உதட்டில் வைத்தால் டீ. பேருக்கும் ஒரு கை. என் சடையை இழுத்துக் காட்டினால் நான். உன் தாடையில் மச்சம் இருப்பதால், தாடையில் ஒரு விரலை வைத்தால் நீ. அந்தச் சடை இப்போது எலி வால் ஆகிவிட்டது. உன் மச்சமாவது அங்கேயே இருக்கிறதா?

இப்போது உன் வழக்குக்கு வருகிறேன். நான் வாயைத் திறக்கவில்லை என்கிறாய். உண்மை. திறக்கவில்லை. அம்மணி, பதினெட்டு வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே உன்னை நான் ஒரு தடவையாவது வாயால் கூப்பிட்டிருக்கிறேனா? மிஷின் நின்றிருக்கிறது, கத்தினால் கேட்கும் என்று புத்திக்குத் தெரிந்திருக்கலாம். கைக்குத் தெரியவில்லை. எப்போதும் கூப்பிடுகிறபடி கையால் கூப்பிட்டேன். மறுநாள் அதைச் சொல்ல வந்தேன். நீ சொல்லவிடவில்லை.

வருகை போடுகிற டைம் ஆபீஸ் வாசலில் அத்தனை பேர் நடுவில் என்னைப் ‘பொய்க்காரி’ என்றாய். என் சிவகுமார் அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பன்னிரண்டு வயசு. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், “நீ பொய் சொன்னியாம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கேடயத்தை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் சவுரிமுத்து தவறிய செய்தி கேட்டு நான் வந்தேன். மாதா கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரத்தில் கூப்பிடக் குரல் வரவில்லை. அப்போதும் கையைத்தான் உயர்த்தினேன். நீ திரும்பவில்லை. சாயங்கால ரயிலில் போய்விட்டேன். இதையும் பொய் என்பாய்.

ஆகவே போ. அந்தப் படத்தைத் தேடி எடு. அதில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுது. அதைப் பார்த்த பிறகும் என்னைப் பொய்க்காரி என்றால், அதுவே நம் கடைசிக் கடிதமாக இருக்கட்டும். எனக்கும் அறுபத்து நாலு ஆகிறது, இனி வழக்காடத் தெம்பு இல்லை.

மில்லில் ஓடித் தேய்ந்த முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சாவித்ரி


இயேசு மரி சூசை

அஸ்தினாபுரம்,
18.8.2025

சாவித்ரிக்கு,

வேப்பமரம் விஷயத்தைப் பற்றி இப்போது எதுவும் எழுத மாட்டேன். ஜான்சியிடம் கேட்டேன், அவளுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. படத்தைப் பார்த்த பிறகு பேசுவோம்.

நேற்று மில்லுக்குப் போனோம். நான், ஜான்சி, அனுப்பிரியா, ஜெயக்கொடி. ஜெயக்கொடியை யாரும் கூப்பிடவில்லை. “என்னை வுட்டுட்டு போனீங்கன்னா அப்புறம் வூட்டுப் பக்கம் வராதீங்க” என்று காலை ஆறு மணிக்கே ஃப்ளாஸ்க்கோடு என் வாசலில் நின்றாள்.

கேட்டில் காவலுக்கு இருப்பவர் பெயர் குமரேசன். நல்ல மனுஷர், ஆனால் வாய் ஓயாது. எனக்குக் காது கேட்காது என்று தெரியாமல் பேசிக்கொண்டே போனார். நான் உதட்டைப் படித்தேன். “இன்னாம்மா, இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு போட்டோ? உள்ள பாம்பு கீது, சாரை சாரையா கீது.” நான் சொன்னேன்: “பாம்புக்கு முன்னாடி இங்க நாங்கதான் இருந்தோம், அதுகிட்ட சொல்லுங்க.” சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார்.

ஜான்சியும் அனுப்பிரியாவும் உள்ளே கால் வைத்ததும் சாமியைப் பார்த்ததுபோல் நின்றுவிட்டார்கள். கூரை ஓட்டில் பாதி இல்லை. வெயில் நேராகத் தரையில் விழுகிறது. பஞ்சு பிரிக்கிற ப்ளோ ரூமுக்குள் அத்தி மரம் வளர்ந்து ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்க்கிறது. சுவர் மூலையிலெல்லாம் பழைய பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொட்டால் கறுப்பு. அவர்கள் தரையில் படுத்தும் ஜன்னல்மேல் தொற்றியும் படமாக எடுத்துத் தள்ளினார்கள். “ஆன்ட்டி, லைட் செமயா இருக்கு” என்று அந்த அனுப்பிரியா என் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள். எனக்கு லைட்டா முக்கியம்?

மிஷின் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எப்போதோ இரும்பு வியாபாரிக்குப் போய்விட்டது. ஆனால் தரையில் போல்ட்டுகள் அப்படியே இருக்கின்றன. எண்ணிக்கொண்டே போய் ஒன்பதாவது பிரேம் இருந்த இடத்தில் நின்றேன். என் பக்கம் தரை தேய்ந்திருக்கிறது, சாவித்ரி. சிமெண்டில் வழுவழுவென்று ஒரு தடம். உன் பக்கமும்தான், உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? உன் பக்கம் கொஞ்சம் கம்மி. நீ எப்போதும் ஓட்டத்தில் மெதுதான்.

படம் கிடைக்கவில்லை. மேனேஜர் ரூம் மாடியில் அல்லவா இருந்தது? படிக்கட்டே இடிந்து கிடக்கிறது. நான் ஏறப் பார்த்தேன். ஜான்சி என் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டாள். “ஒரு போட்டோக்கு உயிரை வுடுவியாம்மா?” என்று கேட்டாள். விடுவேன் என்றேன். கோபத்தில் அவள் எல்லாவற்றையும் கேட்டாள், நானும் நம் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். நம் சண்டையைக் கேட்டு அவளும் அனுப்பிரியாவும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அனுப்பிரியா மட்டும், “அப்போ சாவித்ரி ஆன்ட்டி கூப்பிட்டிருந்தா?” என்று கேட்டாள்.

கூப்பிட்டிருக்க மாட்டாள் என்று சொன்னேன். முன்னைப்போல் அடித்துச் சொல்ல முடியவில்லை. அது உன் கடிதத்தால் வந்த கோளாறு.

திரும்பும்போது ஜெயக்கொடி கம்பிவேலி ஓட்டையில் இடுப்பு வரை நுழைந்து மாட்டிக்கொண்டாள். கேட் திறந்துதான் இருந்தது. குறுக்கு வழியாம். அவளை உருவியெடுக்கக் குமரேசனும் நாங்கள் மூன்று பேரும் தேவைப்பட்டோம். அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், சிரித்துக்கொள்.

ஜேசிபிக்கு இன்னும் ஆறு வாரம்தான். ஏணி கொண்டுபோவதாக இருக்கிறேன்.

அம்மணி


உ

திருவெறும்பூர்,
25.8.2025

அன்புள்ள அம்மணிக்கு,

ஏணியைத் தொட்டால் பார். இதை அவசரமாக எழுதுகிறேன், ஸ்பீட் போஸ்ட்டில் போடச் சொல்லியிருக்கிறேன்.

படம் மாடியில் இல்லை. மில் மூடிய அடுத்த வருஷம் சர்வீஸ் சர்டிபிகேட் வாங்க ஒரு தடவை உள்ளே விட்டார்களே, நான் வந்தேன். டைம் ஆபீசில் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. கதவு திறந்திருந்தால் படம் மறைந்துவிடும், அதனால்தான் யாருக்கும் தெரியாது. கதவைச் சாத்திவிட்டுப் பார். நானும் தூரத்திலிருந்துதான் பார்த்தேன், கிளார்க் நிற்கவிடாமல் விரட்டினார். அதில் என்ன விழுந்திருக்கிறது, என்ன விழவில்லை என்று எனக்கும் சத்தியமாகத் தெரியாது.

இதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். மில் இடிந்தால் சாட்சியும் போய்விடும், நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், அப்படியே காலம் ஓடிவிடும் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கேமராக்காரன் நான் கையை எடுத்த பிறகு அமுக்கியிருந்தால் நான் தொலைந்தேன். இருந்தாலும் நீ ஏணியில் ஏறி விழுவதைவிட நான் தோற்பது பரவாயில்லை.

ஜெயக்கொடி படம் பிரமாதம். ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சாவித்ரி


இயேசு மரி சூசை

அஸ்தினாபுரம்,
8.9.2025

என் அன்புள்ள சாவித்ரிக்கு,

பார், அடிக்கவில்லை. ‘என்’ வேறு சேர்த்திருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். அதே நாலு பேர். டைம் ஆபீஸ் கதவு துருப்பிடித்துத் திறந்தவாக்கில் இறுகிக் கிடந்தது. குமரேசன் கடப்பாரை கொண்டுவந்தார். “இன்னாம்மா, உள்ள புதையல் கீதா?” என்றார். நெம்பிச் சாத்தியதும் பின்னால் அதே பழைய சட்டத்தில் படம் தொங்கியது. கண்ணாடிமேல் விரல்கனத்துக்குத் தூசி. முந்தானையால் துடைக்கப் போனேன். ஜான்சி வாங்கித் துடைத்தாள்.

முதலில் மேனேஜர் தெரிந்தார். முகத்தைச் செல் அரித்துவிட்டது, கோட்டு மட்டும் இருக்கிறது. நம் பெண்களில் ஒருத்தியைக்கூடச் செல் தொடவில்லை. பூச்சிக்கும் விவஸ்தை இருக்கிறது பார்.

அவர் பக்கத்தில் நீ. மடியில் கேடயம். “பார்த்தியா, நான் சொன்னேனே” என்று ஜான்சியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம்தான் மீதியைப் பார்த்தேன்.

உன் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முன்வரிசையில் அத்தனை பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த ஒரு நாற்காலியில் ஆள் இல்லை. உன் வலது கை அதன்மேல் அழுந்தியிருந்தது, யாரும் உட்கார்ந்துவிடாதபடி. நாற்பது பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நீ பார்க்கவில்லை. பக்கவாட்டில் எங்கேயோ பார்க்கிறாய். உன் இடது கை விரல் உன் தாடையில் இருக்கிறது.

உனக்குத் தாடையில் மச்சம் கிடையாது. அது என் பேர்.

நான் அந்த மண்தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜான்சி பயந்துபோய்த் தண்ணீரைக் கொடுத்தாள். ஜெயக்கொடி என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். அவளும் மில்காரிதானே, ஒரு பார்வையில் படித்துவிட்டாள். “அம்மணி, இடம் வச்சிகினு வான்றாடி உன்ன” என்று அழுதாள். எனக்கு அவள் உதடு தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். ஆனாலும் புரிந்தது.

நான் அப்போதும் விடவில்லை, என் குணம்தான் உனக்குத் தெரியுமே. அப்படியானால் எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். அதற்கு அனுப்பிரியாதான் வழி சொன்னாள். படத்தைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போனோம். படத்தில் பின்னால் தெரிகிற தூண் நம்பரையும் ஜன்னலையும் வைத்து, அன்றைக்குப் போட்டோக்காரன் நின்ற இடத்தைக் கண்டுபிடித்துத் தன் கேமராவை அங்கே நிறுத்தினாள். செங்கலை அடுக்கி இரண்டு நாற்காலி செய்தார்கள். ஜெயக்கொடி நீயாக உட்கார்ந்தாள். தாடையில் விரல், பக்கத்துச் செங்கல்மேல் கை. என்னைக் குழாயடி வாசலுக்குப் போய் அன்று வந்தது மாதிரி நடந்து வரச் சொன்னார்கள்.

வந்தேன். ஜெயக்கொடி தெரிந்தாள், அவள் மடி தெரிந்தது. காலிச் செங்கல் தெரியவில்லை. பதினோராம் நம்பர் தூண் அதைச் சரியாக மறைக்கிறது, அவளுடைய அந்தப் பக்கத்துக் கையோடு சேர்த்து. அவள் முகம்கூட என் பக்கம் இல்லை. அப்புறம் ஒன்பதாம் பிரேம் இருந்த இடத்தில், என் தடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. விரல், கை, நாற்காலி. நீ என்னை அங்கேதான் தேடியிருக்கிறாய். நான் பிரேமுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்து அங்கே பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாய். நான் கை கழுவப் போனது உனக்குத் தெரியாது.

ஆக நீ தப்பான திசையைக் கூப்பிட்டிருக்கிறாய், நான் தப்பான பக்கத்திலிருந்து வந்திருக்கிறேன். நடுவில் ஒரு தூண். இதற்கு இருபத்து மூன்று வருஷம்.

“தோத்துட்டேன்!” என்று கத்தினேன், சாவித்ரி. அந்த ஷெட்டுக்குள் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்து கத்தினேன். “நான் தோத்துட்டேன்டி சாவித்ரி!” கூரையிலிருந்த புறாவெல்லாம் ஒரே அடியாகக் கிளம்பியது. எதிரொலி என் காதுக்கே கேட்டது என்று சொன்னால் நம்புவாயா? ஜெயக்கொடி கைதட்டுகிறாள், ஜான்சி அழுகிறாள், அனுப்பிரியா விடாமல் படம் எடுக்கிறாள், குமரேசன் கடப்பாரையோடு ஓடி வருகிறார், பாம்பு கடித்துவிட்டது என்று. கேடயம் வாங்கிய அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. ஜெயித்திருந்தால் வெறும் கையோடு வீட்டுக்குப் போயிருப்பேன். தோற்றதில் எனக்கு நீ கிடைத்தாய்.

வேப்பமரத்தடியில் நீ நின்றதையும் இனி நான் யாரிடமும் விசாரிக்க மாட்டேன். நீ நின்றாய். நான் திரும்பவில்லை. என்னை மன்னித்துவிடு.

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். சட்டத்தோடு இருப்பது என் வீட்டு நடுக்கூடத்தில். உள்ளே சிவகுமாருக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: “தம்பி, உன் அம்மா பொய் சொல்லவில்லை. டைம் ஆபீஸ் வாசலில் அப்படிச் சொன்ன நான்தான் தப்பு. அம்மணி அத்தை.” அவன் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கட்டும். அன்று நானும் எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன்.

இன்னும் ஒரு சேதி. ஜான்சியும் அனுப்பிரியாவும் கட்டடக் கம்பெனி ஆபீசுக்கே போய் அங்கிருந்த இன்ஜினியரிடம் படத்தைக் காட்டிவிட்டார்கள். அவர் ஆயுத பூஜையன்று காலை ஷெட்டை நமக்கு விட்டுத்தர ஒத்துக்கொண்டார். ஜேசிபிக்கு அவர்கள் சந்தனம் வைப்பதற்கு முன்னால் நாம் நம் தூணுக்கு வைக்கலாம். ஜெயக்கொடி தெருத்தெருவாக, பல்லாவரம் வரை அலைந்து இருபத்தாறு பேரைப் பிடித்துவிட்டாள். அதே இடத்தில், அதே வரிசையில் ஒரு படம். முன்வரிசையில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொன்றின்மேல் கையை வைத்திருப்பேன். நீ வராவிட்டால் படம் அப்படியே விழட்டும்.

உன்,
அம்மணி

பி.கு: கேடயம் உன் மடியில்தான் இருந்தது. அந்த ஒன்றில் நான் ஜெயித்தேன்.


உ

திருவெறும்பூர்,
19.9.2025

என் அம்மணிக்கு,

உன் கவரைப் பிரித்தது சிவகுமார். படத்தைப் பார்த்தான், உன் தாளைப் பார்த்தான். நீ சொன்னபடி எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தான். தேவதர்ஷினி, பேரன், மாடி வீட்டுக்காரர்கள், கியாஸ் சிலிண்டர் போட வந்தவர் எல்லோரும் கேட்டார்கள். எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். படித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வயசில் கேட்ட கேள்விக்கு முப்பத்தைந்து வயசில் பதில் கிடைத்திருக்கிறது.

தேவதர்ஷினி படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். “அத்தை, இது கொசு விரட்டறது இல்ல” என்றாள். இப்போது என்னிடம் ஒவ்வொரு கையாகக் கேட்டுக்கொள்கிறாள். நேற்றுச் சமையலறையிலிருந்து கட்டை விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். எழுந்துபோய் டீ குடித்தேன்.

நான் தோற்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அப்போதும் வந்திருப்பேன். அதை முன்பே எழுதியிருந்தால் உனக்குத் தலைக்கனம் ஏறியிருக்கும். இப்போது சொல்லலாம், நீதான் தோற்றுவிட்டாயே.

பூஜைக்கு முதல் நாள் பல்லவன் ரயிலில் வருகிறேன். சிவகுமார் டிக்கெட் எடுத்து, தானும் கூட வருகிறேன் என்கிறான். அம்மணி அத்தையை அவன் பார்க்க வேண்டுமாம். பகல் பதினொரு மணி வாக்கில் தாம்பரம். கேடயம் என் பரணில்தான் இருந்தது, பித்தளை கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். இந்தப் படத்தில் அது உன் மடியில் இருக்கட்டும். அந்தப் பின்குறிப்பையும் தீர்த்துவிடுவோம், இல்லாவிட்டால் அதற்கு ஒரு இருபது வருஷம் வைத்திருப்பாய்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தாம்பரம் ஸ்டேஷன் கூட்டம் உனக்குத் தெரியும். பிளாட்பாரத்தில் நின்று என் பேரைச் சொல்லிக் கத்தாதே. மில்லுக்குள் கத்தியது போதும். நீ கத்தினாலும் எனக்குக் கேட்காது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நில், குழாயடிப் பக்கம் போய்விடாதே. முன்னால் தூண் இல்லாத இடமாகப் பார்த்து நில்.

ரயில் நின்றதும் நான் கதவிலிருந்து தாடையில் விரலை வைப்பேன். இந்தத் தடவை திரும்பிப் பார்.

சாவித்ரி